ஆகாய விமானத்தில் ஆடையா, நடத்தையா?

(மாகறலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நான் பேசப்போகும் விஷயம் இன்னதென்று துண்டு விளம்பரத்தில் பார்த்த சில தோழர்கள், "மாகறலுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? காஞ்சிபுரத்திலிருந்து பஸ் நேரத்துக்கு வருவதற்கு ஏதாவது வழி சொன்னாலும் பிரயோசனமுண்டு" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. எதையும் இப்படிக் கேட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. இந்தச் சுற்று வட்டாரத்தில் சிங்கப்பூருக்கோ, துபாய்க்கோ, குவைத்துக்கோ ஒரு பிள்ளையை வேலைக்கு அனுப்பாத ஊர் எது? நேற்றுவரை தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவன் இன்று மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறான். அவனைப் பார்க்கத் தாயும் தகப்பனும் ஏறுகிறார்கள். போதாக்குறைக்கு, சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே பரந்தூரில் அமையப் போகிறதென்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் நிலமும் ஏரியும் போகிறதென்று எதிர்த்துப் போராடினார்கள். அந்த வழக்கை இன்று நான் பேசவரவில்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: விமானம் இறங்குவதற்கு எவனுடைய நிலம் வேண்டியிருக்கிறதோ, அவன் அந்த விமானத்தில் ஏறும்போது அவன் உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்து முகம் சுளிக்க யாருக்காவது உரிமை உண்டா?

இந்தக் கேள்வி நானாகக் கிளப்பியதல்ல. 2025 நவம்பரில் அமெரிக்க தேசத்தின் போக்குவரத்து மந்திரி ஷான் டஃபி என்பவர், விமானப் பிரயாணத்தில் மரியாதை குறைந்துவிட்டது, பழைய பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பிரசாரம் தொடங்கினார். பிரயாணிகள் சண்டை போடாமலிருக்க வேண்டும், சிப்பந்திகளுக்கு வந்தனம் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பெட்டி தூக்கி வைக்க உதவ வேண்டும் என்றார். நல்லது, யார் சொன்னாலும் நல்லதுதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. செருப்பும் இரவு உடுப்பும் மாட்டிக்கொண்டு வராதீர்கள், ஜீன்ஸும் ஒழுங்கான சட்டையும் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றும் சேர்த்துக் கொண்டார். அதாவது நல்ல ஆடை உடுத்தினால் நல்ல நடத்தை தானே வரும் என்பது அவர் கணக்கு.

நம் தேசத்தில் இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் பேசப்பட்டது. 2017 ஏப்ரலில் சிம்லாவில் 'உடான்' என்னும் மலிவு விமானத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் மோடி, 'ஹவாய்' செருப்பு போட்டவனும் 'ஹவாய் ஜஹாஸில்' பறக்கவேண்டும் என்றார். ஹவாய் ஜஹாஸ் என்றால் இந்தியில் ஆகாயக் கப்பல். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. செருப்புப் போட்டவனுக்கு டிக்கெட் விலை எட்டுகிறதா என்பது வேறு விசாரணை. எட்டினாலும், உள்ளே போனபின் அவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதே என் விசாரணை.

ஆகவே இரண்டு கட்சி இருக்கிறது. "ஆடையைத் திருத்து, நடத்தை திருந்தும்" என்பது ஒரு கட்சி. "ஆடை எப்படியிருந்தால் என்ன, நடத்தையைப் பார்" என்பது மற்றொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாவது கட்சி. ஆனால் நான் சொல்வதற்காக நீங்கள் நம்பவேண்டாம். காரணங்களைச் சொல்லுகிறேன், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

முதலாவது, அந்தப் 'பொற்காலம்' யாருடைய காலம் என்று பார்ப்போம். 1932 அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து டாட்டாவின் தபால் விமானம் முதன்முதலாகப் புறப்பட்டு, பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தது. அதில் வந்தது கடிதம், மனிதன் அல்ல. 1948 ஜூன் 8-ந் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு 'மலபார் பிரின்ஸஸ்' என்ற விமானம் கிளம்பிற்று. அதில் பிரயாணிகள் 35 பேர். அவர்களில் மகாராஜாக்களும் நவாபுகளும் உண்டு. கட்டணம் 1,720 ரூபாய். அந்தக் காலத்து 1,720 ரூபாய் என்றால் இந்தப் பக்கத்தில் எத்தனை தறி வாங்கலாம், எத்தனை வருஷம் ஒரு குடும்பம் சாப்பிடலாம் என்று உங்கள் பாட்டன்மாரைக் கேட்டால் தெரியும். அந்த விமானத்தில் எல்லோரும் பட்டும் கோட்டுமாகத்தான் இருந்திருப்பார்கள். ஏனென்றால் கந்தை கட்டினவன் அந்த விமானத்தின் நிழலில்கூட நிற்க முடியாது. அப்படியானால் பொற்காலம் என்பது எல்லோரும் நன்றாக உடுத்திய காலமா? நன்றாக உடுத்த முடியாதவனை வெளியே வைத்திருந்த காலமா?

அமெரிக்காவின் யோக்கியதையையும் பார்ப்போம். அந்த மந்திரி ஏங்கும் காலத்தில், 1950-களில், அந்த தேசத்தின் தென் மாகாணங்களிலுள்ள பல விமான நிலையங்களில் கறுப்பு மனிதனுக்குத் தனிக் காத்திருப்பிடம், தனிக் கக்கூஸ், தனித் தண்ணீர்க் குழாய். 1960-களின் தொடக்கத்தில்தான் கோர்ட்டும் சர்க்காரும் தலையிட்டு அதை ஒழித்தார்கள். அந்தக் கறுப்பு மனிதன் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டித்தான் வந்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. தோலைப் பார்த்துச் சாத்தினார்கள். ஆகவே ஆடைக்கு மரியாதை என்று சொல்லுகிறவர்கள், மரியாதை கொடுக்க மனமில்லாத இடத்தில் ஆடையையும் பார்ப்பதில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

அமெரிக்காவுக்கு ஏன் போகவேண்டும்? நம் தெருவுக்கு வருவோம். உடை விஷயத்தில் உத்தரவு போடுவது நம் தேசத்தில் நேற்று முளைத்த வழக்கமா? 1930-ஆம் வருஷம் இராமநாதபுரம் ஜில்லாவில், தங்களை மேல் ஜாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். தங்கம் வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது, சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1931-ஆம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்புக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் துரை எழுதி வைத்துப் போயிருக்கிறார்.

திருவிதாங்கூர் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடார் பெண்கள் மாரை மறைத்துத் துணி போட்டதற்காகச் சந்தையில் அதைக் கிழித்தார்கள். பல வருஷம் கலகம் நடந்தபின், சென்னைக் கவர்னர் நெருக்கியதன் பேரில், 1859-இல் அந்த ராஜா பெண்கள் மேலுடம்பை மறைக்கலாம் என்று விளம்பரம் போட்டார். போட்டவர் சும்மா போடவில்லை. மறைத்துக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால் வைத்துப் போட்டார்! தோழர்களே, அந்த வாலைக் கவனியுங்கள். அங்கே விவகாரம் மானத்தைப் பற்றியா? அல்ல. துணியைப் பற்றியா? அல்ல. பார்த்தவுடனே "இவள் இன்ன ஜாதி" என்று தெரியவேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன ஹைகோர்ட் ஜட்ஜு ஹரிபரந்தாமன் அவர்களை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலில் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் ஆனபின், தமிழ்நாட்டின் தலைநகரத்தில், தமிழ்நாட்டு நீதிபதிக்கு நடந்த மரியாதை இது! அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டினவனைப் பொது இடத்தில் தடுத்தால் லைசென்சு ரத்து, ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்றார்கள். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். தடுக்கப்பட்டவர் ஜட்ஜாக இல்லாமல், ஜட்ஜுக்குக் கார் ஓட்டுகிறவராக இருந்திருந்தால் அடுத்த மாதம் சட்டம் வந்திருக்குமா? அவர் வேட்டிக்குப் பதில் கைலி கட்டியிருந்தால்? வெள்ளை வேட்டிக்குக் கிடைத்த நியாயம் கட்டம்போட்ட கைலிக்கும் கிடைக்குமா?

கோவில் சங்கதி வேறு இருக்கிறது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஒரு ஜட்ஜு 2015 நவம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து கோவிலுக்குள் ஆண்கள் இன்னது, பெண்கள் இன்னது உடுத்த வேண்டுமென்று பலகை மாட்டினார்கள். பிறகு மேலே இரண்டு ஜட்ஜுகள் அதை நிறுத்தி வைத்தார்கள். கோவில் உள்ள ஊரில் நின்று நான் இதைச் சொல்லாமலிருக்க முடியாது. 1947-இல் கோவில் பிரவேசச் சட்டம் வருகிறவரையில், பட்டு உடுத்திக் குளித்து முழுகி வந்தாலும் தீண்டாதவன் என்று சொல்லப்பட்டவனை வெளியேதான் நிறுத்தினார்கள். அப்போது ஆடையைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தார்கள். பிறப்பைப் பார்க்கக்கூடாதென்று சட்டம் வந்தபின், ஆடையைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். ஆள் மாறவில்லை, அளவுகோல்தான் மாறுகிறது.

"ஆள் பாதி ஆடை பாதி" என்று ஒரு பழமொழி சொல்லுகிறார்கள். எவனோ ஜவுளிக்கடைக்காரன் சொன்னதாக இருக்கவேண்டும்! அப்படியானால் ஆடை வாங்க வகையில்லாதவன் பாதி ஆளா? பத்துப் புடவை வைத்திருக்கும் அம்மாள் ஐந்து ஆளா? உங்களில் தறி நெய்கிறவர்கள் இருக்கிறீர்கள். கோர்வை போட்டு, கரை வேறு உடல் வேறாகப் பிடித்து, நாள்கணக்கில் குழியில் கால் வைத்து ஒரு பட்டுப் புடவை நெய்கிறீர்கள். நெய்கிறபோது உங்கள் மேல் இருப்பது கைலியும் பனியனும். அந்தப் புடவையை உடுத்தி ஒரு அம்மாள் விமானத்தில் ஏறினால் "வாருங்கள்" என்கிறார்கள். நெய்தவன் நெய்த உடுப்போடு ஏறினால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். புடவைக்கு மதிப்புண்டு, நெய்த கைக்கு மதிப்பில்லை என்றால், அந்த மதிப்பு எதற்கு என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இதனால் நான் எல்லோரையும் கைலி கட்டிக்கொண்டு போகச் சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காந்தியார் 1921-இல் மதுரையில் அரைத்துணிக்கு மாறினார். 1931-இல் அதே துணியோடு லண்டனில் அரசர் அரண்மனைக்குள் போய் வந்தார். டாக்டர் அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாகவே இருந்தார்; உடுத்தக்கூடாது என்று சொல்லப்பட்டவன் உடுத்திக் காட்டினார். ஒருவர் குறைத்தார், ஒருவர் கூட்டினார். காந்தியாரோடு நமக்கு எத்தனையோ விஷயத்தில் அபிப்பிராய பேதம் உண்டு என்றாலும், இந்த இருவரும் தங்கள் உடம்பில் எது இருக்கவேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். அடுத்தவனைத் தீர்மானிக்க விடவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன். நன்றாக உடுத்த ஆசையிருந்தால் நன்றாக உடுத்துங்கள். அது உங்கள் இஷ்டம், அனுமதி அல்ல.

அப்படியானால் விமானத்தில் ஒரு விதியுமே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், வேண்டும். பகுத்தறிவுக்காரன் விதியை வெறுப்பவன் அல்ல. காரணமில்லாத விதியை வெறுப்பவன். எந்த விதிக்கும் ஒரு பரீட்சை வையுங்கள்: "ஏன்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் கட்டுப்படுங்கள். "அது அப்படித்தான், அதுதான் கௌரவம்" என்று சொன்னால், அதற்குள் ஜாதியோ பணமோ ஒளிந்திருக்கிறதென்று தெரிந்து கொள்ளுங்கள்.

பெல்ட்டைக் கட்டு என்கிறார்கள். ஏன்? காற்றுச் சுழலில் விமானம் திடீரென்று விழுந்தால், கட்டாதவன் தலை கூரையில் மோதும். நியாயம். ஆபத்தில் சறுக்குத் துணியில் இறங்கும்போது உயர்ந்த குதிச் செருப்பைக் கழற்று என்கிறார்கள். ஏன்? குதி குத்தினால் துணி கிழிந்து பின்னால் வருகிறவர்கள் சாவார்கள். நியாயம். நைலான் போன்ற செயற்கைத் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டும், பருத்தி அப்படி உருகாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். இதுவும் நியாயம். இந்தக் கணக்கில் பார்த்தால், பகட்டான செயற்கைச் சூட்டைவிட நம் நூல் வேட்டி மேல்! துவைத்த துணி கட்டு, குளித்துவிட்டு வா என்றால் அதுவும் சரியே. ஒரு சாதாரண விமானத்தில் 180 பேர் முழங்கை முட்ட உட்காருகிறார்கள், கதவு திறந்து காற்று வாங்க முடியாது. ஆனால் துவைத்த கைலிக்கும் துவைத்த கால்சட்டைக்கும் என்ன வித்தியாசம்? அதற்கு மட்டும் எவனும் பதில் சொல்லமாட்டான்.

இனி நடத்தைக்கு வருகிறேன். நல்ல ஆடை நல்ல நடத்தையைக் கொண்டுவரும் என்றார்களே, அதற்குச் சாட்சி என்ன?

2017 மார்ச்சில் புனாவிலிருந்து டில்லிக்குப் பறந்த ஏர் இந்தியா விமானத்தில், தமக்கு உயர்ந்த வகுப்பு ஆசனம் கிடைக்கவில்லை என்று ரவீந்திர கெய்க்வாட் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இறங்க மறுத்து, வயதான ஒரு அதிகாரியைச் செருப்பால் அடித்தார். அடித்ததை மறைக்கவுமில்லை, 25 அடி அடித்தேன் என்று தாமே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். 2022 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தில், உயர்ந்த வகுப்பில், குடித்திருந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர் ஒரு வயதான அம்மாள் மீது சிறுநீர் கழித்தார். அதைச் சரியாகக் கவனிக்காததற்காக அந்தக் கம்பெனிக்கு 2023 ஜனவரியில் 30 லட்ச ரூபாய் அபராதம் போட்டார்கள். இந்த இருவரும் உடையில் குறைந்தவர்களா? வகுப்பில் குறைந்தவர்களா? கைலி கட்டி, மஞ்சள் பை வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் நம் கிராமத்தான் இப்படிச் செய்தான் என்று கேள்விப்பட்டீர்களா?

அந்தச் செருப்படிக்குப் பிறகு, 2017 செப்டம்பரில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகா ஒரு விதி வகுத்தது. வாயால் வம்பு செய்தால் 3 மாதம் வரை, கையால் தொட்டோ அடித்தோ வம்பு செய்தால் 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 வருஷமும் அதற்கு மேலும் விமானத்தில் ஏறத் தடை என்று மூன்று படி வைத்தார்கள். கவனியுங்கள்: வாய், கை, உயிர் என்று மூன்று படி இருக்கிறதே தவிர, வேட்டி, கைலி, செருப்பு என்று நாலாவது படி இல்லை. விதி எழுத உட்கார்ந்த சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது, ஆபத்து துணியில் இல்லையென்று.

நடத்தை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்லுகிறேன். 2024 ஜனவரி 2-ந் தேதி டோக்கியோவில் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பெரிய விமானம், ஓடுபாதையில் நின்ற கடற்காவல் விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றிற்று. அந்தச் சிறு விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்திலோ 379 பேர். ஒருவர் பாக்கியில்லாமல் உயிரோடு இறங்கினார்கள். எப்படி? பெட்டியை எடுக்காதே என்று சிப்பந்தி சொன்னார், எடுக்காமல் இறங்கினார்கள். பக்கத்திலிருப்பவனும் பிழைக்கவேண்டும் என்று நினைத்தார்கள்.

2016 ஆகஸ்டு 3-ந் தேதி திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் போன விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. 300 பேர் இருந்தார்கள். உள்ளே புகை சூழ்ந்திருக்கும்போது, தலைக்கு மேலுள்ள பெட்டியை இழுத்துக்கொண்டு பலர் வழியை அடைத்ததைப் படமாகவே உலகம் பார்த்தது. அதிர்ஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். சிப்பந்திகளின் உழைப்பால் 300 பேரும் பிழைத்தார்கள். தீயணைக்க வந்த ஒருவர் இறந்தார். ஒரு விமானத்தைப் பாதி வாசல் மூடியிருந்தாலும் 90 விநாடியில் காலி செய்ய முடியும் என்று பரீட்சை செய்து காட்டியபின்தான் பறக்கவிடுகிறார்கள். அந்தப் பரீட்சையில் ஒருவரும் பெட்டி தூக்குவதில்லை! 90 விநாடியில் ஒருவன் பெட்டிக்காக 10 விநாடி நின்றால், பின்னால் நிற்கிற எத்தனை பேருடைய மூச்சை அவன் திருடுகிறான்? இதுதான் மரியாதை, இதுதான் மரியாதைக் குறைவு. இரண்டிலும் ஆடைக்கு என்ன வேலை?

நம்மவர் என்பதற்காக நம் குற்றத்தை நான் மூடிவைக்கப் போவதில்லை. ஏழையாயிருப்பது மரியாதையின்றி நடக்க லைசென்சு ஆகாது. சக்கரம் தரையில் பட்டவுடனே, விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எழுந்து பெட்டியைப் பிடுங்குகிறோம். கதவு திறக்கக் கால் மணி ஆகும் என்று தெரிந்தும் முன்னாலிருப்பவன் முதுகில் முட்டுகிறோம். வெற்றிலை எச்சிலைப் பைக்குள் துப்புகிறோம். கக்கூஸை அடுத்தவன் உபயோகிக்க முடியாதபடி விட்டுவருகிறோம். செல்போனில் குடும்ப விவகாரத்தை 180 பேருக்கும் பிரசங்கம் செய்கிறோம். இதையெல்லாம் விடவேண்டும். ஏன்? வெள்ளைக்காரன் பார்த்துச் சிரிப்பான் என்பதற்காக அல்ல. அந்தக் கக்கூஸைக் கழுவப்போகிறவன் நம்மைப்போல் ஒருவன் என்பதற்காக.

முக்கியமாக, அங்கே வேலை செய்யும் பெண்களைப்பற்றி ஒரு வார்த்தை. விரலைச் சொடுக்கி "ஏய்" என்று அழைப்பதும், டிக்கெட் வாங்கிவிட்டதாலேயே அந்தப் பெண்ணையும் சேர்த்து வாங்கிவிட்டதுபோல் பார்ப்பதும், இதைக் கோட்டுக்காரனும் செய்கிறான், கைலிக்காரனும் செய்கிறான். அந்தப் பெண்கள் பட்ட பாட்டை அறிவீர்களா? ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில், வேலையில் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போயிற்று. முதல் கர்ப்பம் தரித்தால் வேலை போயிற்று. 35 வயதானால் வீட்டுக்குப் போகவேண்டும், மேலதிகாரிக்கு இஷ்டமிருந்தால்தான் மேலே நீட்டிப்பு. நர்கேஷ் மீர்சா என்ற பெண்மணியும் மற்றவர்களும் வழக்காடி, 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கர்ப்ப விதியையும், அதிகாரி இஷ்டம் என்ற விதியையும் அடித்துத் தள்ளிற்று. கோர்ட்டு ஏறித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவள் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். அவள் முக்கியமாக அங்கே இருப்பது தண்ணீர் கொடுக்க அல்ல. தீப்பிடித்தால் உன்னை 90 விநாடியில் வெளியே தள்ள. அந்த ஜப்பான் விமானத்தில் 379 பேரை இறக்கியவர்கள் அவர்களே. "அம்மா, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டால் நம் சுயமரியாதை குறைந்துவிடாது. பிறர் மானத்தை மதிக்கத் தெரியாதவனுக்குத் தன்மானம் என்ற வார்த்தையைச் சொல்லவே யோக்கியதை இல்லை.

2003-இல் ஏர் டெக்கான் என்று மலிவு விமானக் கம்பெனி ஒன்று தொடங்கியபோது, ஆர். கே. லட்சுமணன் வரைந்த 'சாமானிய மனிதன்' படத்தைத் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். வேட்டி கட்டி, கட்டம்போட்ட கோட்டு மாட்டிய கிழவன் அவன். அந்தக் கம்பெனி போய்விட்டது. படத்தில் வேட்டிக்காரனை விமானத்தில் ஏற்றுவது சுலபம். நிஜத்தில் அவன் ஏறும்போது அடுத்த ஆசனத்துக்காரன் தள்ளி உட்காராமலிருப்பதே கஷ்டம். அதைச் சட்டம் செய்யாது. நம் புத்திதான் செய்யவேண்டும்.

ஆகவே, இங்கிருந்து விமானம் ஏறப்போகிறவர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவே. துவைத்ததை உடுத்துங்கள், எதை உடுத்துவது என்பதை உங்கள் வசதியையும் பருவத்தையும் பார்த்துத் தீர்மானியுங்கள். மேலே போனால் குளிரும், ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடையைப் பார்த்து எவனாவது தடுத்தால் கத்தவேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். "எந்த விதி? எழுத்தில் காட்டுங்கள், உங்கள் பேரைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விதி இருந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள். காரணம் சரியாயிருந்தால் கட்டுப்படுங்கள். விதியே இல்லையென்றால் அங்கேயே புகார் எழுதிக்கொடுத்து நகல் வாங்குங்கள். எழுதத் தெரியாதவனுக்கு அங்கே நிற்கும் படித்தவன் எழுதிக்கொடுக்கட்டும். உள்ளே போனபின், சிப்பந்தி ஆபத்துச் செய்தி சொல்லும்போது வாயை மூடிக் காதைத் திறங்கள். இறங்கு என்றால் பெட்டியை விட்டு இறங்குங்கள்; பெட்டியில் என்ன இருந்தாலும் உங்கள் பின்னால் நிற்கும் குழந்தையைவிட விலை அதிகமில்லை.

முடிவாக, தாய்மார்களுக்கு ஒன்று. பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது, "உன் அப்பன் கைலியோடு விமான நிலையத்துக்கு வந்தால் எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்று சொன்னானேயானால், அவனைத் திட்டவேண்டாம். அவன் படித்தது அப்படி. அவனை உட்காரவைத்துக் கேளுங்கள்: "அந்தக் கைலியோடு உட்கார்ந்து நெய்த கூலியில்தானே உன் முதல் விமான டிக்கெட் வாங்கினது? அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்று. அதற்கு அவனிடம் பதில் இருக்காது. இருந்தால் எனக்கு எழுதுங்கள்; அடுத்த கூட்டத்தில் அதற்கும் சமாதானம் சொல்லுகிறேன்.

நான் பேசியதில் தவறு இருந்தால் எழுந்து கேளுங்கள்.